விநதை காத்த முட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியை முதன்முறையாகச் சேவிக்கும் அடியார்கள் ஒன்றைக் கண்டு வியப்பதுண்டு. பிற வைணவத் திருத்தலங்களில், பெரிய திருவடி எனப் போற்றப்படும் கருடாழ்வார் பெருமாளுக்கு எதிரே தனிச் சந்நிதியில் கைகூப்பி நிற்பார். இங்கோ கருவறைக்குள்ளேயே ரங்கமன்னாரோடும் ஆண்டாளோடும் உடன் நிற்கிறார். திருவரங்கத்திலிருந்து மணவாளப் பெருமாளை உரிய வேளையில் சுமந்து வந்து சேர்த்ததால் அவருக்கு வாய்த்த பேறு இது என்பது தல வரலாறு. கோதையை வளர்த்தெடுத்த பெரியாழ்வாரையே கருடனின் அம்சமாகக் கொள்வது ஆன்றோர் மரபு. ஆடிப்பூரப் பெருவிழாவில் ஐந்து பெருமாள்கள் கருட வாகனங்களில் எழுந்தருளும் ஐந்து கருட சேவையைக் காண ஊரே திரண்டு நிற்கும். கருடனுக்கு இவ்வளவு ஏற்றம் தந்த ஊர் தமிழகத்தில் வேறொன்று இருப்பது அரிது.

அவ்வூரின் மேற்கு வானில் நீலத் திரையாய் நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தை ஒட்டித் தெற்கே சென்றால் இராஜபாளையம். அதையும் கடந்தால் பழைய ஜமீன் ஊராகிய சேத்தூர். அடுத்து, நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் கொண்ட தேவதானம். மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கரையில் சாஸ்தா கோயில் இருக்கிறது. கருவறைக் கருடனைச் சேவித்துவிட்டு வெளியே வந்து அம்மலையை ஏறிட்டுப் பார்ப்பவருக்கு, வானில் வட்டமிடும் கழுகு ஒன்று கண்ணில் படக்கூடும். உடனே கைகள் கூப்பும். வாய் பெருமாள் திருநாமத்தைச் சொல்லும். ஆனால் அப்பறவை எந்த மரத்துக்குத் திரும்புகிறது, அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கருடன் பிறந்த கதை

கருடனின் வரலாறே ஒரு முட்டையைக் காத்த கதையாகத் தொடங்குவது கருதத்தக்கது. மகாபாரதத்தின் ஆதிபர்வம் அதை விரித்துரைக்கிறது. காசியப முனிவரின் மனைவியர் கத்ருவும் விநதையும். கணவரிடம் கத்ரு 1,000 நாகங்களைப் புதல்வராக வரம் கேட்டாள். விநதையோ, அவர்களினும் மேம்பட்ட இரண்டே மைந்தர்களை வேண்டினாள். இருவரும் ஈன்ற முட்டைகள் வெதுவெதுப்பான கலங்களில் வைத்துக் காக்கப்பட்டன. 500 ஆண்டுகள் கழிந்தன. கத்ருவின் முட்டைகளிலிருந்து நாகங்கள் வெளிவந்தன; விநதையின் இரண்டு முட்டைகளும் அசையாமல் கிடந்தன.

மாற்றாளின் மக்கள் தவழ்ந்து விளையாடுவதைக் கண்ட விநதைக்குப் பொறுமை போயிற்று. ஒரு முட்டையைத் தன் கையாலேயே உடைத்தாள். உள்ளே இருந்த மகனுக்கு மேலுடல் மட்டுமே வளர்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உருவம் நிறையவில்லை. அவனே அருணன். 'உன் அவசரத்தால் என்னைக் குறையுடையவனாக்கினாய். நீ யாரைக் கண்டு பொறாமை கொண்டாயோ அவளுக்கே அடிமையாவாய்' என்று தாயைச் சபித்தான். ஆயினும் ஒரு வழியும் சொன்னான்: மற்றொரு முட்டையைத் தொடாமல் இன்னும் 500 ஆண்டுகள் காத்திருந்தால், அதில் பிறப்பவன் அவளை மீட்பான். பின்னர் அருணன் கதிரவனின் தேர்ப்பாகனானான். தாய் காத்திருந்தாள். உரிய காலத்தில் ஓட்டைத் தானே பிளந்துகொண்டு, தீப்பிழம்பு போல வானில் எழுந்தான் கருடன்.

ஒரே தாய், இரண்டு முட்டைகள். அவற்றுள் ஒன்று அவசரத்தால் கெட்டது. மற்றொன்று, யாரும் தொடாமல் விட்டதனால் மட்டுமே திருமாலின் வாகனமாயிற்று. முட்டைக்குத் தேவைப்படுவது வெதுவெதுப்பும் காலமும். இவ்விரண்டையும் குலைக்காத பொறுமையே தாய்க்கும் பிறர்க்கும் உரிய கடமை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அதே ஆதிபர்வத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அமுதம் கொணரப் புறப்பட்ட கருடன், வழியில் இரையோடு ஒரு பெரிய ஆலமரக் கிளையில் அமர்ந்தான். பாரம் தாங்காமல் கிளை முறிந்தது. அக்கிளையில் கட்டைவிரல் அளவே உடைய வாலகில்ய முனிவர்கள் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்துகொண்டிருந்தார்கள். கிளை விழுந்தால் அவர்கள் மடிவார்களே என்று அஞ்சிய கருடன், அதை அலகில் கவ்வியபடியே வானில் பறந்து திரிந்தான். முனிவர்கள் பத்திரமாக அகன்ற பிறகு, தந்தை காசியபர் சொற்படி, மனிதர் நடமாட்டமற்ற மலையொன்றில் அக்கிளையைப் போட்டான். ஒரு கிளையில் குடியிருந்த சிற்றுயிர்களுக்காகத் தன் வேகத்தையே தணித்துக்கொண்டவன் கருடன். அவனை வணங்குவோர் அவன் இனம் குடியிருக்கும் கிளைக்கு என்ன செய்கிறார்கள் என்பது கேட்கத்தக்க கேள்வியே.

ஓடைக்கரை மரத்தில் ஒரே முட்டை

தமிழ் இல்லங்களில் 'கருடன்' என்று கைகூப்பப்படுவது பெரும்பாலும் செம்பருந்து. தலையும் மார்பும் வெண்மை. மற்ற உடல் செம்மை. ஏரி, கண்மாய், கடற்கரை ஆகிய நீர்நிலைகளை ஒட்டி வாழும் இப்பறவை, மார்கழி தொடங்கிப் பங்குனி வரையிலான காலத்தில் உயர்ந்த மரங்களில் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். பெட்டை ஏறக்குறைய 27 நாள் அடைகாக்கும். ஆண்டுதோறும் அதே இடத்தை நாடி வருவது அதன் இயல்பு. கண்மாய்க் கரையில் உள்ள ஒரு பழைய மரத்தை வெட்டினால், பல தலைமுறைகளாக அங்கே வந்த குடும்பம் ஒன்று வீடிழக்கிறது.

மலைக்குள் சென்றால் வேறு கழுகுகள் உண்டு. அவற்றுள் கருடனின் புராணத்துக்கு மிக நெருங்கியது கொண்டைப் பாம்புக் கழுகு. பாம்பே அதன் முதன்மை உணவு. வெயில் ஏறிய பின் மலைச்சரிவின் மேல் வட்டமிட்டபடி நீண்ட சீழ்க்கை போலக் குரல் கொடுக்கும். பின்னங்கழுத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த கொண்டை. விரிந்த சிறகின் அடியில் அகன்ற வெள்ளைப் பட்டை. கொல்லிமலையில் 2005 முதல் 2010 வரை இதன் கூடுகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அது ஓடைக்கரை மரங்களையே கூட்டுக்குத் தேர்ந்தெடுப்பதைப் பதிவுசெய்துள்ளது. ஆணும் பெண்ணும் சேர்ந்து சுள்ளிகளால் மேடை அமைக்கும். அருகிலுள்ள மரங்களிலிருந்து பச்சை இலைகளைக் கொண்டுவந்து உட்புறம் பரப்பும். அதன்மேல் பெட்டை இடுவது, பெரும்பாலும், ஒரே ஒரு முட்டை. சுமார் 41 நாள் அடைகாத்தல். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். ஓர் ஆண்டில் ஒரு குஞ்சுக்கு மேல் வளர்வதில்லை. கத்ருவைப் போல ஆயிரம் பெறும் இனமன்று இது. விநதையைப் போலச் சிலவே பெற்று, நெடுநாள் காக்கும் இனம்.

அடைகாக்கும் தாய் அஞ்சிப் பறந்து நீண்ட நேரம் திரும்பாவிட்டால் என்ன ஆகும்? விடியற்குளிரில் முட்டை ஆறிப்போகும், உச்சிவெயிலில் வெந்துபோகும். இறகு முளைக்காத குஞ்சுக்கோ தாயின் சிறகு நிழலன்றி வேறு காப்பு இல்லை. காகமும் குரங்கும் காத்திருக்கின்றன. கூட்டில் கை வைக்கவே வேண்டியதில்லை. அடியில் நின்று ஆரவாரம் செய்தாலே போதும், அவ்வாண்டின் முயற்சி வீணாகிவிடும்.

பங்குனி உத்திரமும் கூடும்

இங்கேதான் அடியார்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் வருகிறது. பாம்புக் கழுகு முட்டையிட்டு வளர்க்கும் காலம் பின்பனியில் தொடங்கி வேனிலில் முடிவது. தென்மாவட்டக் குடும்பங்கள் குலதெய்வமாகிய சாஸ்தாவைத் தேடிச் செல்லும் பங்குனி உத்திரமும் அக்காலத்திலேயே வருகிறது. சாஸ்தா கோயில்கள் பலவும் ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் மரத்தோப்புகளிலும் அமைந்தவை. கழுகு கூடு கட்டுவதும் அதே ஓடைக்கரை மரங்களில்தான். ஆக, ஆண்டில் மனிதர் மிகுதியாகக் காட்டுக்குள் நுழையும் நாளும், தாய்க்கழுகு ஒற்றை முட்டைமேல் அமர்ந்திருக்கும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. சேத்தூர் மலையடிவாரத்துக்கு மட்டும் உரியதன்று இது; பொதிகை வரை உள்ள ஓடைக்கோயில்களுக்கெல்லாம் பொருந்துவது.

முன்னோர் காலத்திலும் இதே மாதத்தில் இதே கோயிலுக்குச் சென்றார்கள். அன்று கேடு நேரவில்லையே என்று கேட்கலாம். அவர்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். சாமிக்காட்டில் ஒரு சுள்ளியை ஒடிக்கவும் அஞ்சினார்கள். காட்டு மரத்தை வெட்டினால் தெய்வக் குற்றம் என்ற நம்பிக்கை, எந்த வேலியையும்விட உறுதியாகத் தோப்பைக் காத்தது. பொங்கலிட்ட அடுப்பை நீரூற்றி அணைத்துவிட்டே இறங்கினார்கள். இன்று வண்டிகள் ஓடைவரை செல்கின்றன. ஒலிபெருக்கி முழங்குகிறது, நேர்த்திக்கடன் என்று வெடி வெடிக்கப்படுகிறது. நெகிழிப் பைகள் ஓடையில் மிதக்கின்றன. சருகு உலர்ந்து கிடக்கும் பங்குனியில் அணையாத ஓர் அடுப்பு மலைச்சரிவையே எரிக்கவல்லது. தோப்பிருந்த இடத்தில் மண்டபமும் வண்டி நிறுத்துமிடமும் எழுந்தால், பக்தி பெருகியதாக எண்ணுகிறார்கள். ஆனால் சாஸ்தாவின் காடு சுருங்கியிருக்கிறது.

இதே மலையிலுள்ள சதுரகிரிக்கும் இது பொருந்தும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிக்க மலையேறுவோர், குறிப்பாக ஆடி அமாவாசையில் திரள்வோர், ஒரு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடேதான் நடக்கிறார்கள். சாம்பல் நிற அணிலைக் காக்க 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2021-இல் மேகமலையோடு இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. வனத்துறை தீப்பற்றும் பொருள்களையும் நெகிழியையும் தடுப்பது, தரிசனத்துக்கு இடையூறு செய்வதற்கன்று. சித்தர்கள் வாழ்வதாக நம்பப்படும் மலையில், அவர்கள் விரும்பிய அமைதி எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்கே.

திருக்கழுக்குன்றம் சொல்லும் பாடம்

பறவைகள் வராமல் போகும் நாள் எப்படியிருக்கும் என்பதைத் தமிழகம் ஏற்கெனவே ஓரிடத்தில் கண்டிருக்கிறது. செங்கல்பட்டு அருகே திருக்கழுக்குன்றத்தில், வேதகிரீசுவரர் மலைமேல், நண்பகலில் இரண்டு வெண்ணிறப் பறவைகள் வந்து சர்க்கரைப் பொங்கல் அமுது கொண்டு பறந்துபோகும். காசியில் நீராடி, இங்கே உணவு கொண்டு, இராமேசுவரம் செல்லும் முனிவர்கள் அவர்கள் என்பது நம்பிக்கை. பறவை நூலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பர். இன்று எழுபது வயது கடந்த பலர், இளமையில் பெற்றோர் கையைப் பிடித்து அப்படிகளில் ஏறி அக்காட்சியைக் கண்டவர்கள். 1990-களுக்குப் பிறகு பறவைகள் வரவில்லை.

அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மறைந்தன. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்பட்ட டைக்லோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி, அதை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. அதற்குள் பல இடங்களில் வானம் வெறிச்சோடிவிட்டது. தமிழகத்தில் இன்று அவை கூடு கட்டி வாழும் பெரும் புகலிடம் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

திருக்கழுக்குன்றத்தில் அமுது படைத்தவர்கள் ஒருநாளும் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு பறவை வாழ்வதற்கு ஒரு வேளை அமுது போதாது. நச்சில்லாத உணவு வேண்டும். அச்சமின்றி முட்டையிட ஒரு பாறையோ மரமோ வேண்டும். கும்பாபிஷேக வேளையில் கோபுரத்துக்கு மேல் கருடன் வட்டமிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து காத்திருக்கிறார்கள். அதே வேளையில் படமெடுக்கவும் தீர்த்தம் தெளிக்கவும் டிரோன்கள் அங்கே இரைச்சலிட்டுப் பறக்கின்றன. அழைக்கப்பட்ட விருந்தினருக்கு இடம் விடாத வரவேற்பு இது.

சட்டமும் தருமமும்

1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் கழுகு, பருந்து இனங்களை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. அச்சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் பொருள் சிந்திக்கத்தக்கது. கொல்வது மட்டுமன்று, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் குலைப்பதும் வேட்டையே. விநதையின் கதை சொன்ன நீதியைச் சட்டமும் தன் மொழியில் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவின் தேசியப் பறவையாகிய வெண்தலைக் கழுகு, பூச்சிமருந்தாலும் வேட்டையாலும் அருகி, 1963-இல் அந்நாட்டின் பெரும்பகுதியில் 500-க்கும் குறைவான இணைகளே எஞ்சியிருந்தன. டி.டி.டி. மருந்து தடுக்கப்பட்டது, கூடுகள் காக்கப்பட்டன, 2007-இல் அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து அது நீங்கியது. அவ்வாண்டு வெளியான அரசு நெறிமுறைகள், குஞ்சு வளரும் காலத்தில் நடந்துசெல்வோரும் கூட்டிலிருந்து 330 அடி விலகியிருக்கவும், வெடியோசையை அரை மைலுக்கு அப்பால் நிறுத்தவும் சொல்கின்றன. கூட்டுக்குத் தர வேண்டிய முதற்பொருள் விலகிநிற்றலே என்பது அங்கே அளவிட்டுச் சொல்லப்பட்டது.

அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சுமே என்று பல்லாண்டுகளாகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. சரவெடிக்கு ஏங்கும் பிள்ளைகளுக்கு அங்குள்ள பெரியோர் சொல்லி வளர்த்த பழக்கம் அது. பட்டாசுக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டத்து மலைக்கோயில்களிலும் ஓசையில்லாத ஒரு பங்குனி உத்திரம் கூடாததன்று.

குடும்பப் பெரியோரின் சொல்

குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகள் கூடும்போது, எங்கே பொங்கலிடுவது, யார் முன்நிற்பது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது மூத்தோர் வாக்கு. வனத்துறைப் பலகையைப் படிக்காத இளைஞரும் பாட்டனாரின் சொல்லைத் தட்டுவதில்லை. ஆகையால் இக்காவல் முதியோர் கையில்தான் இருக்கிறது.

அவர்கள் சொல்ல வேண்டியவை மிக எளியவை. காட்டுக்கோயிலில் வெடியும் ஒலிபெருக்கியும் வேண்டா. மணியும் சங்கும் போதும். அனுமதித்த இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டி, நீரூற்றி அணைத்து, சாம்பலில் கைவைத்துப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். விறகுக்கும் நிழலுக்கும் கிளை ஒடிக்கலாகாது. உயரத்தில் சுள்ளிக் கூடு தெரிந்தால் அடியில் கூடி நிற்காமல், படமெடுக்க நெருங்காமல் அகல வேண்டும். பறக்கப் பழகும் குஞ்சு கிளையிலோ தரையிலோ தனித்திருந்தால் எடுத்துவரக் கூடாது. தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. கோயில் திருப்பணிக்காகப் பழைய மரத்தை அகற்ற முற்பட்டால், அதில் கூடு உண்டா என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்குமாறு கேட்க வேண்டும். உண்டெனில், குஞ்சு பறக்கும் வரை சில மாதங்கள் திருப்பணி காத்திருக்கலாம். விநதை 500 ஆண்டுகள் காத்திருந்தாள்.

இவ்வாறு காத்த காட்டிலிருந்து எழும் பறவையே நாளை ஒரு கோபுரத்தின் மேல் வட்டமிடும். பேரக்குழந்தையின் கையைப் பிடித்து, 'அதோ பார், கருடன்' என்று காட்டும் பாக்கியம் அடுத்த தலைமுறைத் தாத்தா பாட்டிகளுக்கும் வாய்க்க, ரங்கமன்னாரோடும் ஆண்டாளோடும் நிற்கும் பெரிய திருவடி அருள்புரிவாராக.